நாடாப்புழு இல்லை, ரிப்பன் புழு: புன்னைக்காயல் சகதியிலிருந்து 250 வருஷக் குழப்பம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சுவழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ராஜாவும் இல்லை, போரும் இல்லை. ஒரு புழு. ஹெட்போனைக் கழட்டிடாதீங்க, அஞ்சு நிமிஷம் டைம் குடுங்க.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாளையங்கோட்டையில வீட்டுல உட்கார முடியாம, நானும் சித்தப்பா பையனும் பைக்கை எடுத்துக்கிட்டு ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் வழியா புன்னைக்காயல் போனோம். தாமிரபரணி கடல்ல கலக்குற இடம். பொதிகையில பாறைக்கு நடுவுல கண்ணாடி மாதிரி விழுற தண்ணியைப் பாபநாசத்துல பார்த்திருப்பீங்க. அதே தண்ணி இங்க வந்து சேரும்போது பழுப்பா, சோம்பேறியா, சகதியா இருக்கும். அந்தச் சகதியைத்தான் ஆறு ஆயிரக்கணக்கான வருஷமா கொண்டுவந்து கொட்டிக்கிட்டே இருக்கு. ஒரு காலத்துல கடல் துறைமுகமா இருந்த கொற்கை இன்னைக்குக் கடலைப் பார்க்க முடியாத தூரத்துல வாழைத்தோட்டத்துக்கு நடுவுல இருக்குன்னா, காரணம் இந்தச் சகதிதான்.

தண்ணி வத்தியிருந்த நேரம். ஓரமா ஒரு அண்ணன் தூண்டிலுக்குப் புழு தோண்டிக்கிட்டிருந்தார். ஒரு பழைய பெயிண்ட் டப்பாவுல பாதி அளவுக்குப் புழு, காலு காலா முளைச்ச மாதிரி, நெளிஞ்சுக்கிட்டு. அந்தக் கூட்டத்துல வராத ஒண்ணை அவர் எடுத்து வெளிய போட்டார். செங்கல் நிறம், காலே இல்லை, வளையமே இல்லை, நீளமா தட்டையா, ஈரமான ரிப்பன் மாதிரி. நான் கையில எடுத்தேன். உள்ளங்கையிலேயே மூணு துண்டா போச்சு.

"இது என்ன புழுண்ணே?"

"அது ஆகாது தம்பி. கொக்கில மாட்டுனா பிஞ்சு போவும்."

"சரி, பேரு?"

"ஆகாததுக்கு எதுக்குப் பேரு?"

எனக்கு இது மண்டையில உட்கார்ந்துக்கிச்சு. வேலை பார்க்கிற இடத்துல ஒரு வேரியபிளுக்குப் பேர் வைக்கிறதுக்கே அரை மணி நேரம் சண்டை போடுற ஆளு நான். கையில ஒரு மிருகம் இருக்கு, அதுக்குப் பேர் இல்லையாம்.

வீட்டுக்கு வந்து தேடினேன். தட்டையா ரிப்பன் மாதிரி இருக்கிற கடல் புழுவுக்கு இங்கிலீஷ்ல அதே பேருதான்: ரிப்பன் புழு. அறிவியல் பேர் நெமெர்டியா. இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றாங்கன்னு பார்த்தா 'நாடாப்புழு'ன்னு வருது. நாடாப்புழுன்னா நமக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை குடுப்பாங்களே, சரியா வேகாத பன்றிக்கறியில வரும்னு பயமுறுத்துவாங்களே, அந்தக் குடல் ஒட்டுண்ணி. ரெண்டுக்கும் ஒரே பேர். எங்க பாஷையில இதுக்கு 'நேம் கொலிஷன்'னு பேரு. ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருந்தா, நீங்க எதைத் திறக்கிறீங்கன்னு உங்களுக்கே தெரியாது.

எனக்கும் அப்படித்தான் ஆச்சு. 'மன்னார் வளைகுடா, நாடாப்புழு'ன்னு தேடினா ஒரு அருமையான கதை வந்துச்சு, ஆனா தப்பான புழுவோட கதை. 1902ல ஹெர்ட்மன்னு ஒரு லிவர்பூல் பேராசிரியர், ஜேம்ஸ் ஹார்னெல்னு ஒரு உதவியாளரோட இலங்கை முத்துப் படுகைகளை ஆராய வந்தார். முத்துச் சிப்பி ஏன் சில வருஷம் கொட்டோ கொட்டுனு கிடைக்குது, ஏன் பல வருஷம் காணாமப் போகுதுன்னு கண்டுபிடிக்கணும். போற போக்குல அவங்க ஒரு முடிவுக்கு வந்தாங்க: நல்ல முத்துக்குள்ள இருக்கிற கரு, ஒரு நாடாப்புழுவோட லார்வா. அதாவது உலக ராணிகள் கழுத்துல போட்டுக்கிட்டது ஒரு ஒட்டுண்ணியோட கல்லறை. கேட்க எவ்வளவு நல்லா இருக்கு! 1912ல லிஸ்டர் ஜேம்சன் வந்து அந்த ஆதாரம் நிக்காதுன்னு காட்டினார். சிப்பியோட மேலுறைத் திசுதான் முத்தைச் சுரக்குது, அந்தத் திசுவோட துணுக்கு உள்ள போனாலே போதும். அந்த வழியிலதான் 1973ல தூத்துக்குடி பக்கத்துல வேப்பலோடையில மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க முத்தை வளர்த்தே எடுத்தாங்க. ஹார்னெல் பின்னாடி மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறைக்கே வந்து பெரிய ஆளானார். அவரைப் பத்தி தனி எபிசோடு போடணும், இப்போ வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேற. இந்தப் பேர்க்குழப்பம் நம்ம தமிழ்ல மட்டும் நடந்த சோம்பேறித்தனம்னு நினைச்சேன். இல்லை. விஞ்ஞானிகளே கிட்டத்தட்ட 150 வருஷம் இந்த ரெண்டு புழுவையும் ஒரே பக்கத்துலதான் வெச்சிருந்தாங்க. ரிப்பன் புழுவோட உண்மையான சொந்தக்காரங்க யாருங்கிறதுதான் இன்னைக்கு எபிசோடு.

முதல்ல ஆளைப் பார்த்துடலாம். இதுவரைக்கும் விவரிச்ச ரிப்பன் புழு இனங்கள் சுமார் 1,300. பெரும்பாலானது கடல்ல, கொஞ்சம் நன்னீர்ல, ரொம்பக் கொஞ்சம் ஈரமான நிலத்துல. சில மில்லிமீட்டர்லேருந்து ஆரம்பிச்சு நீளம் எங்கேயோ போகும். 1864ல ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில ஒரு புயலுக்கு அப்புறம் ஒதுங்கின ஒரு புழுவை மெக்கின்டாஷ்ங்கிற விலங்கியலாளர் அளந்தார். 30 கஜம் அளந்து முடிச்சும் பாதிச் சுருள் பிரிக்காம கிடந்துச்சுன்னு எழுதியிருக்கார். அதை வெச்சுத்தான் 55 மீட்டர்னு சொல்றாங்க, நீலத் திமிங்கிலத்தை விட நீளம். எனக்கு இதுல கொஞ்சம் சந்தேகம் உண்டு. ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடுற பிராணியை அளக்கிறதுல, அளக்கிற ஆள் எவ்வளவு ஆசைப்படுறாருங்கிறதும் சேர்ந்திருக்கும்.

இதோட ஸ்பெஷல் உறுப்பு துதிக்கை. யானைத் துதிக்கை மாதிரி வெளியே தொங்காது. முழுக்கை சட்டையோட கையை உள்பக்கமா இழுத்து விட்ட மாதிரி, குடலுக்கு மேல தனியா ஒரு திரவம் நிறைஞ்ச அறைக்குள்ள மடிஞ்சு கிடக்கும். இரை பக்கத்துல வந்தா தசை அழுத்தத்துல உள்வெளியா திரும்பிப் பாய்ஞ்சு வரும், இரையைச் சுத்திப் பிடிக்கும். ஒரு கூட்டத்துக்கு அந்தத் துதிக்கையில ஒரு குத்தூசியே இருக்கு. அதுக்குப் பக்கத்துல பைகள்ல ஸ்பேர் ஊசிகள் தயாரா இருக்கும். சில இனங்கள்ல பேத்தை மீன்ல இருக்கிற அதே டெட்ரோடோடாக்சின் விஷமும் கண்டுபிடிச்சிருக்காங்க. ஆகாத புழுவாம்!

சரி, இப்போ ஃபோல்டருக்கு வருவோம்.

லின்னேயஸ் காலத்துல, முதுகெலும்பும் இல்லாம, பூச்சியும் இல்லாம இருந்த எல்லாமே 'வெர்மீஸ்'ங்கிற ஒரே மூட்டையில. நம்ம எல்லார் லேப்டாப்லயும் 'புதுசு', 'புதுசு 2'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்குமே, அது மாதிரி. 1770ல நார்வேயில குன்னெரஸ்ங்கிற ஒரு பிஷப் அந்த நீளப் புழுவை விவரிச்சு 'அஸ்காரிஸ்'னு உருளைப்புழுக்களோட சேர்த்தார். அப்புறம் பிரான்ஸ்ல குவியே வந்து, 1817 வாக்குல, 'நெமெர்டெஸ்'னு ஒரு கிரேக்கக் கடல் தேவதையோட பேரை வெச்சார். அந்தப் பேருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? பிழை செய்யாதவள். இந்தப் பேரை வெச்ச பிறகு ஆளாளுக்குப் பிழை செஞ்சாங்க.

1831ல எரென்பெர்க் இதைத் தட்டைப்புழுக்களோட சேர்த்தார். உடம்பு தட்டை, தோல் மேல நுண்ணிய ரோமங்கள் அசைஞ்சு வழுக்கிப் போகுது, வளையம் கிடையாது, உறுப்புகளைச் சுத்தி உடற்குழின்னு சொல்ற மாதிரி ஒரு காலி இடம் தெரியலை. இது எல்லாமே தட்டைப்புழுவோட அடையாளம். நாடாப்புழு, அதாவது ஒட்டுண்ணி நாடாப்புழு, அதே தட்டைப்புழுத் தொகுதியிலதான் வருது. ஆக ரெண்டு நாடாவும் ஒரே அலமாரிக்குப் போயிடுச்சு.

இதுல இடிச்ச விஷயங்களும் அன்னைக்கே தெரியும். தட்டைப்புழுவுக்கு ஆசனவாய் கிடையாது. சாப்பிட்ட வாய் வழியாவே மிச்சத்தைத் துப்பணும். நாடாப்புழுவுக்குக் குடலே கிடையாது. ரிப்பன் புழுவுக்கு வாயிலேருந்து வாலுக்கு முழுக் குடல் உண்டு. தட்டைப்புழுவுக்கு ரத்தக்குழாய் இல்லை. ரிப்பன் புழுவுக்கு மூடிய ரத்தக்குழாய்கள் உண்டு. அப்புறம் அந்தத் துதிக்கை அறை. இதையெல்லாம் பார்த்துட்டு, 'தட்டைப்புழுதான், ஆனா கொஞ்சம் முன்னேறினது'ன்னு விளக்கம் சொன்னாங்க. பக்கைச் சரி பண்ணாம மேல ஒரு பேட்ச் போடுறது எங்க தொழில்ல மட்டும் இல்லை.

இங்க ஒரு நிமிஷம் திருநெல்வேலிக்குத் திரும்பணும். சம்பந்தம் இருக்கு.

அதே 19ஆம் நூற்றாண்டுல, நம்ம மாவட்டத்துல ராதாபுரம் பக்கம் இடையன்குடியில ஒருத்தர் இதே மாதிரி ஒரு அலமாரிப் பிரச்சனையில உட்கார்ந்திருந்தார். ராபர்ட் கால்டுவெல். அவரும் பின்னாடி பிஷப் ஆனவர். 1841லேருந்து அங்க இருந்தார், 1856ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். டார்வினோட 'உயிரினங்களின் தோற்றம்' வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி. தமிழ்ல, தெலுங்குல அவ்வளவு சமஸ்கிருதச் சொற்கள் இருக்கிறதால இதெல்லாம் சமஸ்கிருதத்துக்குப் பிறந்ததுன்னு பல பேர் நம்பிக்கிட்டிருந்த காலம். 1816லயே மெட்ராஸ்ல எல்லிஸ், தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம்னு சொல்லிட்டார். கால்டுவெல் அதை விரிவா நிறுவினார். அவர் பார்த்தது மேல கிடக்கிற சொற்களை இல்லை. எண்கள், நான்–நீ மாதிரியான இடப்பெயர்கள், வினை எப்படி மாறுது, வேற்றுமை உருபு எங்க ஒட்டுது. நம்ம 'மூன்று', தெலுங்குல 'மூடு', கன்னடத்துல 'மூரு'. நாம 'பஸ்ஸு'ன்னு சொல்றதால தமிழ் இங்கிலீஷுக்குத் தங்கச்சி ஆகிடாது. எந்த அடையாளம் சொந்தத்தைக் காட்டும், எது வெறும் சாயல்னு பிரிக்கிறதுதான் அந்த வேலையில பாதி.

ஒப்புமை முழுசாப் பொருந்தாதுன்னு தெரியும். புழு ஒண்ணுகிட்டேருந்து ஒண்ணு தட்டை உடம்பைக் கடன் வாங்கலை. சகதிக்குள்ள நுழைஞ்சு வாழணும்னா தட்டையா, நீளமா, வழுவழுன்னு இருக்கிறது வசதி, அவ்வளவுதான். ஆனா கேள்வி ஒண்ணுதான்: தட்டையா இருக்கிறது 'மூன்று' மாதிரியா, 'பஸ்' மாதிரியா?

இப்போ நான் ரொம்ப ரசிச்ச பகுதி. 1883ல ஹியூப்ரெக்ட்னு ஒரு டச்சு விலங்கியலாளர், உட்ரெக்ட் பேராசிரியர், ஒரு குண்டைப் போட்டார். முதுகெலும்பிகளோட, அதாவது மீன், தவளை, நாம, நம்ம மூதாதையோட சாயல் ரிப்பன் புழுவுலதான் இருக்குன்னார். துதிக்கை அறையோட உறை குடலுக்கு மேல, உடம்பு நீளத்துக்கு ஓடுது இல்லையா? நம்ம கருவுலயும் குடலுக்கு மேல, உடம்பு நீளத்துக்கு ஒரு தண்டு ஓடும், முதுகுநாண். அந்த உறைதான் காலப்போக்குல முதுகுநாண் ஆச்சுன்னு சொன்னார். துதிக்கை சுருங்கி நம்ம மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரியா ஆச்சுன்னும் சொன்னார். புன்னைக்காயல்ல அந்த அண்ணன் தூக்கிப் போட்டது நம்ம பாட்டன்!

அப்போ விலங்கியல்ல இது ஒரு சீசன். முதுகெலும்பிக்கு மூதாதை யாருன்னு ஆளாளுக்கு ஒரு வேட்பாளரைக் கொண்டுவந்தாங்க. ஒருத்தர் வளைதசைப்புழுன்னார், ஒருத்தர் ரிப்பன் புழுன்னார். கேம்பிரிட்ஜ்லேருந்து வில்லியம் பேட்சன்னு ஒரு இளைஞர் அமெரிக்கக் கடற்கரைக்குப் போய் இன்னொரு துதிக்கைப் புழுவைப் பார்த்துட்டு வந்து, இதுதான் கிட்டத்துச் சொந்தம்னார். அந்தப் புழு பலனோகிளாசஸ். தமிழ்நாட்டுல விலங்கியல் படிச்ச யார்கிட்டயாவது கேளுங்க, அடுத்த வார்த்தை 'குருசடைத் தீவு'ன்னு வரும். பாம்பன் பக்கத்துல இருக்கிற அந்தச் சின்னத் தீவுக்கு ஸ்டூடண்ட்ஸ் பஸ் பிடிச்சுப் போனதே இந்தப் பலனோகிளாசஸைப் பார்க்கத்தான். அதுக்குச் செவுள் பிளவுகள் உண்டு. பேட்சன் அதை வெச்சு வாதாடினார், அந்தச் சொந்தம் இன்னைக்கும் நிக்குது. ஹியூப்ரெக்டோட ரிப்பன் புழு தோத்துப் போச்சு. குடலுக்கு மேல நீளமா ஓடுறது மட்டுமே சொந்தத்துக்கு ஆதாரம் ஆகாது.

இதுல ஒரு மூணாவது ஆள் இருக்கார், அவரை உங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா புழுக்காரரா தெரியாது. பிளஸ் டூல மெண்டல் பாடத்துல நாலு கட்டம் போட்டு பெரிய 'டி', சின்ன 'டி' எழுதுவோமே, புன்னட் கட்டம். அந்த ரெஜினால்ட் புன்னட் ஆரம்பத்துல ரிப்பன் புழு நிபுணர்! செயின்ட் ஆண்ட்ரூஸ்ல, அந்த 30 கஜம் அளந்த மெக்கின்டாஷோட துறையில வேலை பார்த்தவர். கார்டினர் மாலத்தீவுலயும் லட்சத்தீவுலயும் சேகரிச்சுக்கிட்டு வந்த ரிப்பன் புழுக்களையும், பலனோகிளாசஸ் கூட்டத்தையும் 1900களோட ஆரம்பத்துல விவரிச்சது இவர்தான். அதாவது நம்ம கடலுக்குப் பக்கத்துக் கடல் புழுக்கள் ஜாடியில மிதந்து அவர் மேசைக்குப் போச்சு. அதுக்கப்புறம் அவர் பேட்சனோட சேர்ந்தார். ரெண்டு பேரும் புழுவை விட்டுட்டு இனிப்புப் பட்டாணி, கோழின்னு வளர்த்து மரபியல் பண்ணினாங்க. பேட்சனுக்கு இந்த மூதாதை தேடுற விளையாட்டு மேலயே நம்பிக்கை போயிடுச்சு. உறுப்பை உறுப்போட ஒப்பிட்டுக் கதை கட்டினா யார் கதை சரின்னு எப்படித் தீர்ப்பு சொல்றது?

தீர்ப்பு சொல்ற கருவி அவங்க போய்ச் சேர்ந்த துறையிலேருந்துதான் வந்துச்சு. ஆனா ரொம்ப லேட்டா.

1980கள்ல டர்பெவில், ரப்பர்ட்னு ரெண்டு பேர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில ரிப்பன் புழுவோட ரத்தக்குழாயையும் துதிக்கை அறையையும் பார்த்தாங்க. உள்சுவர்ல இருக்கிற செல்கள் அமைஞ்சிருக்கிற விதம் வளைதசைப்புழுவோட உடற்குழி மாதிரி இருந்துச்சு. அதாவது, 'உடற்குழி இல்லை'ன்னு சொல்லித்தானே தட்டைப்புழுவோட போட்டாங்க? உடற்குழி இருக்கு. அது துதிக்கை அறையாவும் ரத்தக்குழாயாவும் வேஷம் மாத்தி நின்னுக்கிட்டிருக்கு. 1992ல டர்பெவிலும் கூட்டாளிகளும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வோட வரிசையை வெச்சு மரம் போட்டாங்க. ரிப்பன் புழு தட்டைப்புழுப் பக்கத்துலேருந்து கிளம்பி, மண்புழு, நத்தை, சிப்பி வகையறா இருக்கிற பக்கம் போய் உட்கார்ந்துச்சு.

முத்துச் சிப்பி பக்கம்! 1902ல ஹெர்ட்மன் தேடின நாடாப்புழுவுக்கும் சிப்பிக்கும் இருந்தது ஒட்டுண்ணி உறவு. நம்ம ரிப்பன் புழுவுக்கும் சிப்பிக்கும் இருக்கிறது ரத்த உறவு. தூரத்துச் சொந்தம், ஆனா சொந்தம்.

ஒரு இடைஞ்சல் மட்டும் இருந்துச்சு. வளைதசைப்புழுவுக்கும் மெல்லுடலிக்கும் பொதுவா ஒரு லார்வா உண்டு, டிரோகோஃபோர். இடுப்பைச் சுத்தி ரோமப் பட்டையோட பம்பரம் மாதிரி சுத்தும். ரிப்பன் புழுவுல அது எங்க? ஒரு பெரிய பிரிவுல இருக்கிற லார்வாவோ வேற மாதிரி, காது மூடுற தொப்பி மாதிரி இருக்கும். பேரே பிலிடியம், குட்டித் தொப்பி. 1847ல முல்லர் இதைப் பார்த்தப்போ இது ஒரு தனி மிருகம்னே பேர் வெச்சார். அதுக்குள்ள குட்டிப் புழு தனித்தனித் தட்டுகளா உருவாகி, ஒட்டிச் சேர்ந்து, கடைசியில வெளிய வந்து அந்தத் தொப்பியையே தின்னுடும். வீட்டைக் கட்டிக் குடியேறினவன் வீட்டையே சாப்பிடுற கதை. இதுல டிரோகோஃபோரை எங்க தேட? 2004ல மஸ்லகோவாவும் மத்தவங்களும் கரினோமாங்கிற ஒரு பழமையான கிளையோட லார்வாவுல செல் செல்லா பின்தொடர்ந்து போய், அந்த ரோமப் பட்டைக்கு உரிய செல்கள் கொஞ்ச நேரம் தோன்றி மறையறதைக் கண்டுபிடிச்சாங்க. யாரும் கூப்பிடாத ஒரு பழைய ஃபங்ஷன் கோடுக்குள்ள அப்படியே கிடந்த மாதிரி. இந்த 250 வருஷத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆதாரம் இதுதான். கால்டுவெல்லுக்கு இடப்பெயர் மாதிரி இது.

குடும்பத்துக்குள்ளயும் பாகப்பிரிவினை நடந்துச்சு. 1851ல ஷுல்ட்ஸே ஊசி இருக்கிறது, இல்லாததுன்னு ரெண்டு வகுப்பாப் பிரிச்சார்: எனோப்லா, அனோப்லா. எளிமையா, பரீட்சைக்கு வசதியா இருந்ததால 150 வருஷத்துக்கு மேல ஓடுச்சு. 2003ல தோலெசன், நோரன்பர்க் ரெண்டு பேரும் டி.என்.ஏ. மரம் போட்டப்போ 'ஊசி இல்லாதவங்க' ஒரு குடும்பமே இல்லைன்னு தெரிஞ்சுது. அவங்கள்ல ஒரு பிரிவு ஊசி உள்ளவங்களுக்குத்தான் நெருக்கம். யோசிச்சா நியாயம்தான். 'பைக் இல்லாதவங்க'ன்னு ஒரு சாதி இருக்க முடியுமா? 2019ல உலகத்து ரிப்பன் புழு ஆய்வாளர்கள் ஒரு கூட்டமா கையெழுத்துப் போட்ட மாதிரி, அனோப்லா, எனோப்லா ரெண்டையும் ஓய்வு குடுத்து அனுப்பி, பேலியோநெமெர்டியா, பிலிடியோஃபோரா, ஹோப்லோநெமெர்டியான்னு மூணு வகுப்பா அறிவிச்சாங்க.

இத்தோட சுபம்னு நினைச்சேன். ஸ்கிரிப்டும் எழுதி முடிச்சாச்சு. அப்புறம் அதே 2019ல வந்த இன்னொரு பெரிய மரபணுத் தொகுப்பு ஆய்வைப் பார்த்தேன். அதுல, அம்புப்புழுக்களை எங்க வைக்கிறதுன்னு தேடப் போன இடத்துல, ரிப்பன் புழுவும் தட்டைப்புழுவும் மறுபடி பக்கத்துப் பக்கத்துல வந்து நின்னாங்க. பழைய அலமாரி இல்லை. ரெண்டும் தனித்தனித் தொகுதிதான், ரிப்பன் புழுவுக்கு உடற்குழி இருக்குங்கிறதும் மாறலை, மண்புழுவும் சிப்பியும் அதே பெரிய வம்சத்துலதான். ஆனா அந்த வம்சத்துக்குள்ள யார் யாருக்கு ஒட்டின அண்ணன் தம்பிங்கிறது இன்னும் மெர்ஜ் ஆகலை. 2009ல வந்த இன்னொரு மரம் ரிப்பன் புழுவை பிராகியோபாடுகளுக்குப் பக்கத்துல வெச்சுது. எரென்பெர்க்குக்குப் பாதி மார்க்காவது குடுக்கலாமான்னு இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது. ஸ்கிரிப்டை மாத்தி எழுதினதால ஒரு வாரம் லேட், மன்னிச்சுக்கோங்க.

'இதனால என்னடா பிரயோஜனம்?'னு எங்க அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஒரு உதாரணம் சொல்றேன். என் கையில மூணு துண்டான புழு இருக்கே, அந்தத் துண்டுகள் முழுப் புழுவா வளருமா? வாலை வளர்த்துக்கிறது நிறைய இனத்துக்கு முடியும். வெட்டுப்பட்ட இடத்துல தலையை, மூளையோட சேர்த்துப் புதுசா வளர்க்கிறது சில இனங்களுக்குத்தான் முடியும். 2019ல ஒரு குழு 35 இனங்களோட தகவலை அந்தப் புது மரத்து மேல பரப்பிப் பார்த்துச்சு. தலையை வளர்க்கிற திறமை ஆதியிலேருந்து வந்தது இல்லை, குறைஞ்சது நாலு தடவை தனித்தனியா, புதுசா தோன்றியிருக்குன்னு தெரிஞ்சுது. இழந்து போன திறமையைத் தேடுறதும் புதுசா வந்த திறமையைத் தேடுறதும் வேற வேற ஆராய்ச்சி. மரம் தப்பா இருந்தா எதைத் தேடுறோம்னே தெரியாது.

இன்னொண்ணு, நம்ம கரை. 1986 வரைக்கும் தூத்துக்குடிக் கரை முழுக்க திருநெல்வேலி மாவட்டம்தான். அதே 1986லதான் மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளைக் கடல் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. அதுல தூத்துக்குடிப் பக்கத்துத் தீவு ஒண்ணு, விலாங்குசல்லி. பவளப்பாறையை வருஷக்கணக்கா வெட்டி எடுத்ததுல இன்னைக்குத் தண்ணிக்கு அடியில போயிடுச்சு. பவளக்கல்லுக்கு அடியிலயும் அதோட இடுக்குலயும்தான் ரிப்பன் புழுக்கள் ஒளிஞ்சிருக்கும். இந்தப் புழுக்களை வெளித்தோற்றத்தை வெச்சு இனம் பிரிக்கவும் முடியாது. ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு, டி.என்.ஏ. பார்த்தா வேற வேற இனமா இருக்கும். சாராயத்துல போட்டா நிறமும் வடிவமும் போயிடும். பழைய ஜாடிகள்ல இருக்கிறதை வெச்சு அதிகமா ஒண்ணும் சொல்ல முடியாது. உயிரோட இருக்கும்போது பார்த்து, படம் எடுத்து, ஒரு துணுக்குத் திசுவை எடுத்து வைக்கணும். நம்ம கரையில அந்த வேலை ரொம்பக் கொஞ்சம்தான் நடந்திருக்கு. விலாங்குசல்லியில என்ன இருந்துச்சுன்னு இனிமே யாரும் பட்டியல் போட முடியாது.

அன்னைக்குப் புன்னைக்காயல்ல நான் திசு எல்லாம் எடுக்கலை, அப்போ எனக்கு எதுவுமே தெரியாது. மூணு துண்டையும் சகதியிலேயே விட்டுட்டேன். மொபைல்ல ரெண்டு போட்டோ இருந்துச்சு, ஒண்ணு ஷேக் ஆனது. நல்லா இருந்ததை ஐநேச்சுரலிஸ்ட்ல ஏத்தினேன், 'வளைதசைப்புழு'ன்னு தப்பா டேக் பண்ணி. மூணாம் நாள் எங்கேயோ இருக்கிற ஒருத்தர் அதை நெமெர்டியாவுக்கு மாத்தினார். கீழ வகுப்பு, குடும்பம், இனம் எல்லாம் காலி. போட்டோவை வெச்சு அதுக்கு மேல சொல்ல முடியாதுன்னு எழுதிட்டார்.

மே மாசம் மறுபடி ஊருக்குப் போறேன். இந்தத் தடவை மூடி போட்ட சின்ன பாட்டில் எடுத்துக்கிட்டுப் போறேன். அந்த அண்ணன்கிட்ட ஏற்கெனவே போன்ல சொல்லியாச்சு. "அந்த ஆகாத புழுவா?"ன்னு சிரிச்சார். தண்ணி வத்துற நேரம் பார்த்துச் சொல்றேன்னார்.